நடு எங்கே என்று கேட்டவர்

அந்த லேபில் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு இருபத்தாறு வயது. விலங்கியலில் பட்டம் வாங்கிவிட்டு, கோவையில் ஒரு வருடம் ரத்தம், சிறுநீர் பரிசோதிக்கும் படிப்பும் முடித்திருந்தேன். எண்பதுகளின் கடைசி அது. பெருமாநல்லூரில் காலையில் திருப்பூர் பஸ் ஏறினால், நிற்க இடம் கிடைத்தாலே பெரிய விஷயம். பஸ் முழுக்கப் பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள்தான். இறங்குகிற வரைக்கும் யாருடைய டிபன் கேரியராவது இடுப்பில் இடித்துக்கொண்டே வரும்.

லேப் என்றால் பெரிதாக எதுவும் இல்லை. ஒரு மருந்துக் கடைக்கு மேலே இரண்டு அறைகள். டாக்டர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். காலையில் மூன்று மணி நேரமும் மாலையில் இரண்டு மணி நேரமும் வருவார். மற்ற நேரமெல்லாம் நான்தான். ஜன்னலோரம் ஒரு மைக்ராஸ்கோப் இருந்தது. அதன் அடியில் பல்பும் வைக்கலாம். கரண்ட் போனால் பல்பைக் கழற்றிவிட்டுக் கண்ணாடியை மாட்டி, வெயிலைப் பிடித்து மேலே அனுப்பலாம். கரண்ட் அடிக்கடி போனதால் அந்தக் கண்ணாடிக்குத்தான் வேலை அதிகம்.

அந்த ஊரில் எங்கே கை வைத்தாலும் பஞ்சு. ஜன்னல் கம்பியில், மின்விசிறி இறக்கையில், துடைத்து வைத்த கண்ணாடித் தகட்டின் மேல்கூட. பத்து ஸ்லைடு பார்த்தால் ஏழில் ஏதாவது ஓர் இழை கிடக்கும். சேர்ந்த ஒரு மாதத்தில் என் கண் அதைத் தாண்டிப் போகப் பழகிவிட்டது. அந்தப் பழக்கம்தான் என்னைக் கவிழ்த்தது.

ஒரு பங்குனி மாதக் காலையில் அந்த அக்கா படியேறி வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். அருள்புரத்திலிருந்து வருவதாகச் சொன்னார். ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வந்த பனியனை மேசைமேல் விரித்து, ஓட்டை இருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா என்று நாள் முழுக்க நின்றுகொண்டே பார்க்க வேண்டும். பேப்பரில் சுற்றிய பாட்டிலை முந்தானைக்குள் மறைத்துக் கொண்டுவந்திருந்தார்.

"ஏனுங்க அம்மிணி, இதை எங்க வெக்கறதுங்க?"

வாங்கி வைத்துக்கொண்டு என்ன செய்கிறது என்று கேட்டேன்.

"ஒண்ணுக்குப் போனா எரியுதுங்க. அடிவயிறு புடிச்சு இழுக்குது. பத்து நாளைக்கு மேல ஆச்சுங்க. சரக்கு அனுப்பற நேரம், லீவு சொல்ல முடியலீங்க."

பெயர், வயது எல்லாம் எழுதிக்கொண்டேன். படிவத்தில் ஒரு கேள்வி உண்டு: சமீபத்தில் ஏதாவது மாத்திரை சாப்பிட்டாரா என்று. அன்றைக்குக் கூட்டம். அந்தக் கட்டத்தை நிரப்பாமல் விட்டுவிட்டேன்.

சிறுநீரைச் சுழலவைத்து, அடியில் தங்கியதில் ஒரு சொட்டு எடுத்துப் பார்த்தேன். சீழ் அணுக்கள் கொஞ்சம் இருந்தன. அவற்றுக்கு நடுவே மெல்லிய நீள நீளமான இழைகள். பஞ்சு என்று நினைத்தேன். நினைத்தேன் என்றுகூடச் சொல்லக் கூடாது, நினைக்கவே இல்லை. கிருமி வளர்க்கும் தட்டில் தடவி வைத்ததில் மறுநாள் நாலைந்து புள்ளிகள்தான் வந்திருந்தன. நோய் என்று சொல்ல அது போதாது. 'குறிப்பிடும்படி கிருமி வளர்ச்சி இல்லை' என்று எழுதி, டாக்டரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிட்டேன்.

ஆறாம் நாள் அவரை அவருடைய வீட்டுக்காரர் ஆட்டோவில் கூட்டிக்கொண்டு வந்தார். சாமளாபுரத்தில் தறி ஓட்டுகிறவர். அவர் தோளைப் பிடித்துக்கொண்டுதான் இவரால் படியேற முடிந்தது. நல்ல காய்ச்சல். அந்த வெயிலிலும் போர்வை போர்த்தியிருந்தார், பல் கிட்டித்தது. இடுப்புக்கு மேலே முதுகில் டாக்டர் லேசாகத் தட்டியதற்கே துடித்துப்போனார்.

"கிருமி மேல ஏறிப் போயிருக்கு, கிட்னியத் தொட்டுட்டு. உடனே ஆஸ்பத்திரில சேருங்க," என்று வீட்டுக்காரரிடம் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தார் டாக்டர். பிறகு என் பக்கம் திரும்பி, "போன வாரம் ஒண்ணுமில்லன்னு கொடுத்தோம்லா? இன்னொரு சாம்பிள் வாங்கு. இந்தத் தடவை சாயம் போட்டுப் பாரு," என்றார். குரலை உயர்த்தவில்லை. எனக்குத்தான் காது சூடாகிவிட்டது.

சாயம் ஏற்றிய ஸ்லைடைப் பெரிய லென்ஸில் வைத்துப் பார்த்தேன். இழைகள் எல்லாம் இளஞ்சிவப்பாக நின்றன. பஞ்சாக இருந்தால் தட்டையாக, நாடா முறுக்கினதுபோல இருக்கும். இதைவிடப் பத்து மடங்குக்கும் மேலே பருமனாகவும் இருக்கும். இவை ஒரே சீரான பருமனில், சேமியாவைத் தண்ணீரில் போட்டதுபோல வளைந்து கிடந்தன. பக்கத்தில் வழக்கமான குட்டைக் குச்சிக் கிருமிகள் ஓரிரண்டு இருந்தன. அதே பருமன், அதே நிறம். இழை மட்டும் இருபது முப்பது குச்சிகளை வரிசையாக வைத்த நீளம். ஆனால் நடுவில் ஒரு தடுப்புகூட இல்லை. அத்தனை நீளமும் ஒரே உயிர்.

டாக்டர் வெகு நேரம் பார்த்தார்.

"இது கிருமிதான். பிரிய முடியாம நீண்டுக்கிட்டே போயிருக்கு. மாத்திரை ஏதும் சாப்பிட்டாங்களான்னு கேட்டியா?"

"கேக்கலீங்க டாக்டர்."

மத்தியானம் சாப்பிடாமல் ஆஸ்பத்திரிக்கு நடந்தேன்.

கட்டிலில் படுத்திருந்தவருக்குக் கையில் மருந்து ஏறிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் எழ முயன்றார். படுத்திருக்கச் சொல்லிவிட்டுக் கேட்டேன். ஆமாம், மருந்துக் கடையில் கேப்ஸ்யூல் வாங்கியிருக்கிறார்.

"எரிஞ்சா ஒண்ணு போட்டுக்குவனுங்க. எரிச்சல் நின்னா உட்டுருவேன். மறுக்கா எரிஞ்சா மறுக்கா ஒண்ணு. அது தப்புங்களா அம்மிணி?"

"தப்புதானுங்க்கா. ஆனா அதை உங்ககிட்டக் கேக்காம உட்டது என்ர தப்பு. போன தடவையே அந்தக் கிருமி என்ர கண்ணுல பட்டுச்சு. பஞ்சுன்னு நினைச்சு உட்டுட்டேன். அன்னைக்கே சொல்லியிருந்தா உங்களுக்கு இவ்வளவு தூரம் வந்திருக்காது."

இதைச் சொல்ல வேண்டும் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. வழியெல்லாம் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே போயிருந்தேன். வீட்டுக்காரர் வெடுக்கென்று நிமிர்ந்தார். அவரைக் கையமர்த்திவிட்டு, இவர் என் பக்கம் திரும்பினார்.

"நானும் ஒரு நாளைக்கு நூத்துக்கணக்குல பீஸ் பாக்கறனுங்க. கண்ணு முன்னால ஓட்டை இருக்கும், கை மடிச்சு அக்கட்ட வெச்சுரும். அப்புறம் வெளியூரு போயித் திரும்பி வரும். எனக்குத் தெரியுமுங்க அது எப்படின்னு." மூச்சு வாங்கிக்கொண்டார். "ஆனா நீங்களே வந்து சொன்னீங்க பாருங்க. நான் ஒரு நாளும் போய்ச் சொன்னதில்லீங்க."

என் பிழையை அவர் இல்லை என்று ஆக்கவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. இரண்டுக்கும் நடுவே அவர் பேசிய விதத்தை இன்றைக்கும் வியந்து நினைத்துக்கொள்கிறேன்.

மாலையில் டாக்டர் தனக்குத் தெரிந்ததைச் சொன்னார். அந்த மாத்திரை, கிருமியின் சுவரைக் கட்டவிடாமல் தடுக்கிற வகை. முழு அளவில் உள்ளே போனால் கிருமி வெடித்துச் சாகும். அரைகுறையாகப் போனால் சாகாது. தின்னும், வளரும். ஆனால் இரண்டாகப் பிரிவதற்கு நடுவில் ஒரு குறுக்குச் சுவர் எழுப்ப வேண்டுமே, அது மட்டும் முடியாது. அதனால் நீண்டுகொண்டே போகும்.

"மருந்து நின்னுட்டா என்ன ஆகுமுங்க?"

"பழையபடி பிரியும். எப்படிப் பிரியும், எந்த இடத்துல பிரியும்னு கேக்காதே. எனக்கும் தெரியாது. பரீட்சைக்குப் படிச்சதோட சரி. நீ பார்த்தா எனக்கும் காட்டு."

அதை அவர் சும்மா சொன்னாரா, உத்தரவாகச் சொன்னாரா என்று தெரியாது. நான் உத்தரவாக எடுத்துக்கொண்டேன். அந்த அக்காவின் உடம்பிலிருந்து வந்த கிருமியை ஒரு குழாயில் வளர்த்துக் குளிர்பெட்டியில் வைத்தேன்.

ஒரு வாரம் ஊசி போட்டதில் காய்ச்சல் இறங்கி, அவர் வீடு போய்ச் சேர்ந்தார். திரும்பவும் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்ததால், சித்திரை பிறந்து வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பாட்டிலோடு வந்தார். இந்தத் தடவை முந்தானைக்குள் மறைக்கவில்லை. முகம் தெளிந்திருந்தது. பாட்டிலைச் சோதித்தேன், சுத்தமாக இருந்தது. சொன்னதும் கும்பிட்டார்.

அன்றைக்குத்தான் நான் குழாய்க் கிருமியைத் தயார் செய்து வைத்திருந்தேன். முந்தின நாள் வளர்ந்ததில் அதே கேப்ஸ்யூல் பொடியை மிகக் குறைவாகக் கலந்து, அவர் உடம்பில் நடந்ததையே குழாயில் நடக்கவிட்டிருந்தேன். இழைகள் நீண்டதும், சுழலவைத்து மருந்தைக் கழுவி எடுத்துவிட்டு, கண்ணாடித் தகட்டில் மெல்லிய உணவுக் கூழ் பரப்பி, அதன்மேல் ஒரு சொட்டு விட்டு, மூடி, ஓரத்தை மெழுகால் அடைத்தேன். கிருமிக்கு உடம்புச் சூடு வேண்டும். அதற்கு என்னிடம் தனிக் கருவி கிடையாது. திருப்பூர்ச் சித்திரை வெயில் இருந்தது. கரண்டும் போய்விட்டதால் மின்விசிறியும் இல்லை. கண்ணாடியைத் திருப்பி வெளிச்சத்தைப் பிடித்தேன்.

"என்னுங்க பாக்கறீங்க, அவ்வளவு நேரமா?" என்றார் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்.

"உங்களைப் படுக்கையில போட்டதைத்தானுங்க்கா. பாக்கறீங்களா?"

ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கச் சொன்னேன். முதல் முறை பார்க்கிறவர்களுக்குத் தங்கள் இமைமுடிதான் தெரியும். இவர் வைத்த உடனே பிடித்துக்கொண்டார். சாயம் போடாத கிருமி தண்ணீரில் கண்ணாடி கிடப்பதுபோல மங்கலாகத்தான் தெரியும். அதையும் சொல்லிவிட்டார்: "நூல் மாதிரி நாலு கிடக்குதுங்க. ஒண்ணு நீளம், ஒண்ணு வளைஞ்சிருக்குது."

மாற்றி மாற்றிப் பார்த்தோம். அரை மணி நேரம் ஒன்றுமே நடக்கவில்லை. வியர்வை மூக்கு நுனியிலிருந்து சொட்டியது. எனக்கு நம்பிக்கை குறைந்துகொண்டு வந்தது. அவர் மட்டும் நகரவில்லை. நாள் முழுக்க நின்று துணி பார்க்கிறவருக்கு அரை மணி நேரம் எந்த மூலைக்கு?

"அம்மிணி, இங்க வாங்க. அந்த நீளத்துல ஒரு இடத்துல இடுப்பு மாதிரி ஒடுங்குது பாருங்க."

நான் பார்த்தபோது எனக்குத் தெரியவில்லை. குவியத்தைச் சிறிது மாற்றியும் தெரியவில்லை. பத்து நிமிடம் கழித்துத்தான் என் கண்ணுக்கு அது பட்டது. இழையின் ஒரு முனையிலிருந்து கொஞ்சம் தள்ளி, இரண்டு பக்கமும் லேசாக உள்வாங்கியிருந்தது. பிறகு இன்னொரு இடம். பிறகு இன்னொன்று. இடுப்பு இறுகி இறுகி, ஒரு கட்டத்தில் அந்த இடத்தில் இழை மடங்கியது. அதோடு இரண்டானது. ஒன்றரை மணி நேரத்துக்குள் அந்த நீள உயிர் குச்சி குச்சியாகப் பிரிந்து, பக்கத்தில் பக்கத்தில் கிடந்தது. பிரிந்த ஒவ்வொன்றும் நீண்டு, தன் நடுவில் ஒடுங்க ஆரம்பித்தது.

பல வருடம் படித்ததில் பிரிதல் என்பது எனக்கு ஒரு வரி, ஒரு படம். அது இப்படி என் கண் முன்னால் நடந்தபோது மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவர் கண்ணை எடுக்காமலேயே பேசினார்.

"ஒண்ணும் துண்டு துக்காணியா உழுகலீங்க. எல்லாம் ஏகதேசம் ஒரே அளவு. எங்க கட்டிங் மாஸ்டருக்குக் கூட வேஸ்ட் உழுகுமுங்க." மூடிய கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார். "டேப்பு இல்ல. கண்ணு இல்ல, கை இல்ல. நடு இதுதான்னு அதுக்கு ஆருங்க சொன்னது?"

இந்தக் கேள்வி எனக்கு வந்ததே இல்லை என்பதுதான் உறைத்தது. நான் அறிவியல் படித்தவள். அவர் எட்டாம் வகுப்போடு நின்றவர்.

"தெரியலீங்க்கா. படிச்சுப் பாத்துச் சொல்றேன்."

"சொல்லுங்க," என்றார், நான் சொல்லியே தீருவேன் என்பதுபோல.

அடுத்த வாரம் அவர் தன்னோடு செக்கிங் மேசையில் வேலை பார்க்கும் மூன்று பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஒவ்வொருவர் கையிலும் ஒரு பாட்டில். மூவருக்கும் எரிச்சல் இருந்திருக்கிறது, யாரும் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. இவர் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்து பேச்செடுத்த பிறகுதான் ஒவ்வொருவராக வாய் திறந்திருக்கிறார்கள். பாட்டில் மூன்றிலும் கிருமி இருந்தது. இந்த முறை மாத்திரையைப் பற்றி முதலில் கேட்டேன்.

ஏன் எல்லோருக்கும் என்று கேட்டபோது, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கம்பெனியில் பெண்களுக்கென்று தனியாகக் கக்கூஸ் கிடையாது. இருக்கிற ஒன்றும் ஆண்கள் டீ குடிக்கிற இடத்தை ஒட்டி, தாழ்ப்பாள் இல்லாமல். அதனால் காலையில் வீட்டை விட்டுக் கிளம்பினால் பொழுது சாய்ந்து வீடு திரும்பும் வரைக்கும் அடக்கிக்கொள்வது. அடக்க முடிய வேண்டும் என்பதற்காகத் தண்ணீரே குடிப்பதில்லை.

டாக்டர் கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதித் தருவதாகச் சொன்னார். அக்கா மறுத்துவிட்டார்.

"லெட்டரு மேனேஜருகிட்ட நின்னு போயிருமுங்க. நானே கேட்டுக்கறேன்."

எப்படிக் கேட்டார் என்பது கம்பெனி முதலாளி நேரில் வந்து சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. ஒரு காலையில் வெள்ளை வேட்டி சட்டையோடு படியேறி வந்தார். அப்பா காலம் வரை விவசாயம், இவர் காலத்தில் பனியன் கம்பெனி.

"ஏனுங்க, எங்க கம்பெனில கிருமி இருக்குதுன்னு நீங்கதான் சொன்னீங்களாமா?"

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"அந்தம்மா, எல்லாரும் இருக்கறப்ப வந்து நிக்கறாங்க. 'ஏனுங்க, உங்க ஊட்டுப் பொம்பளைங்களை இங்க கூட்டியாந்து ஒரு நாள் பூரா நிக்க வெப்பீங்களா, எங்க போயி ஒண்ணுக்கு இருப்பாங்க'ன்னு கேக்கறாங்க. நான் என்னுங்க சொல்றது? இருவது வருசத்துல ஆரும் என்னைய அப்படிக் கேட்டதில்லீங்க."

அவர் குரலில் கோபம் இருந்தது. ஆனால் கோபம் மட்டும் இருந்திருந்தால் படியேறி வந்திருக்க மாட்டார். நான் ஒரு ஸ்லைடை வைத்து, பார்க்கச் சொன்னேன். கம்பெனியில் கிருமி இல்லை, இது எல்லார் குடலிலும் இருப்பதுதான், என் வயிற்றிலும் உங்கள் வயிற்றிலும் இருக்கிறது, தண்ணீர் குடித்து நேரத்துக்குப் போனால் கழுவிக்கொண்டு போய்விடும், அடக்கி வைத்தால் உள்ளேயே பெருகும் என்று சொன்னேன்.

"எவ்வளவு பெருகுமுங்க?"

"அதுக்கு எல்லாம் தோதா இருந்தா இருவது நிமிசத்துக்கு ஒருக்கா ரெண்டாகுமுங்க. காலைல எட்டரைக்கு ஒண்ணுன்னு வெச்சுக்குங்க. மத்தியானம் பன்னெண்டரைக்கு நாலாயிரத்துச் சில்லறை ஆயிரும்."

அவர் விரல் மடக்கி மெதுவாக இரட்டித்துப் பார்த்தார். ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு. இருநூற்றைம்பதைத் தாண்டியதும் நிறுத்திக்கொண்டார். மறுபடியும் குனிந்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். பிறகு, "வர்றனுங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

ஆடி நோம்பிப் பண்டிகைக்குள் கம்பெனியின் பின்பக்கம் பெண்களுக்கென்று இரண்டு கக்கூஸ் கட்டிமுடித்தார்கள், தாழ்ப்பாளோடு. செக்கிங் மேசைக்குப் பக்கத்தில் ஒரு மண்பானையும் தம்ளரும் வந்தன. அந்த அக்காவுக்கு இதனால் வேலை போய்விடுமோ என்று நான் பயந்துகொண்டிருந்தேன். போகவில்லை. இரண்டு வருடத்தில் அவரையே செக்கிங் சூப்பர்வைசர் ஆக்கினார் அதே முதலாளி.

நான் அக்காவுக்குக் கொடுத்த வார்த்தைக்கு வருகிறேன். டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டைக் காட்டி, கோவையில் ஒரு கல்லூரி நூலகத்தில் உட்கார்ந்து படிக்க அனுமதி வாங்கினேன். மாதத்தில் ஒரு நாள் போவேன். அங்கே வரும் ஆங்கில ஆய்வு இதழ்கள் எல்லாம் பல மாதம் பிந்தித்தான் வரும். பக்கத்தில் அகராதியை வைத்துக்கொண்டு, ஒரு பக்கம் படிக்க ஒரு மணி நேரம் ஆகும். வீட்டில் இதெல்லாம் எதற்கு என்று கேட்டார்கள். ஒரு பனியன் கம்பெனி அம்மாவுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்றேன். நான் கேலி பேசுவதாக நினைத்துக்கொண்டார்கள்.

முதலில் கிடைத்தது ஒரு குறையுள்ள கிருமியைப் பற்றிய கட்டுரை. அது சில நேரம் நடுவில் பிரியாமல் முனையில் பிரிந்துவிடும். முனையில் பிரிந்தால் உருண்டையாக ஒரு குட்டி விழும். அதற்குள் டி.என்.ஏ. என்கிற மரபுச் சரடு இருக்காது. சரடு இல்லாதது வளராது, பெருகாது, கொஞ்ச நாள் வெறுமனே இருந்துவிட்டு முடிந்துபோகும். அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். நடுவில் பிரிவது அழகுக்காக இல்லை. இரண்டு பாதிக்கும் ஆளுக்கொரு சரடு போய்ச் சேர வேண்டும் என்பதற்காக. இடம் தவறினால் ஒரு பிள்ளைக்கு எல்லாமும், இன்னொன்றுக்கு ஒன்றுமில்லாமலும் போய்விடும். முனையிலும் அதனால் பிரிய முடியும், ஆனால் ஏதோ ஒன்று அங்கே வேண்டாம் என்று தடுக்கிறது என்றும் அந்தக் கட்டுரை சொன்னது.

தொண்ணூறுகளில் இன்னொன்று படித்தேன். பிரியப் போகும் இடத்தில், தோலுக்கு உள்பக்கமாக, ஒரு புரதம் கண்ணி கண்ணியாகச் சேர்ந்து வளையம் போடுகிறது. அந்த வளையம் போட்ட இடத்தில்தான் சுவர் உள்ளே வளர்கிறது. நாங்கள் அன்று பார்த்த இடுப்பு அதுதான். அந்த மாத்திரை நிறுத்தியது சுவர் கட்டும் வேலையை மட்டும்தான்; வளையங்கள் அங்கங்கே இடம் பிடித்துக் காத்திருந்திருக்கின்றன. மருந்து விலகியதும் அங்கங்கே மளமளவென்று ஒடுங்கியதன் காரணம் எனக்கு அப்போதுதான் புரிந்தது.

இதையெல்லாம் அவ்வப்போது அவரிடம் சொல்லிவந்தேன். சர்க்கரை பார்க்க வருவார், யாரையாவது கூட்டிக்கொண்டு வருவார், வந்தால் கேட்பார். வளையத்தைப் பற்றிச் சொன்னபோது, "சரிங்க, அந்த வளையத்துக்கு நடு எதுன்னு ஆரு சொன்னது?" என்று கேட்டார். கேள்வி ஓர் அடி தள்ளிப் போய் அப்படியே நின்றது.

தொண்ணூறுகள் முடியப்போகிற சமயத்தில்தான் அதற்கும் ஒரு பதில் வந்தது. அவர் அந்த முறை வந்தபோது தலையில் பாதி நரைத்திருந்தது. டாக்டர் ஊருக்குப் போயிருந்தார். லேபில் நாங்கள் இருவர்தான்.

"கண்டுபுடிச்சுட்டாங்களாமுங்க்கா," என்றேன்.

பெஞ்சில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டார்.

"வளையம் போடாதேன்னு தடுக்கற புரதம் ஒண்ணு இருக்குது. அது ஒரு இடத்துல நிக்கறதில்லீங்க. இந்தக் கடைசிக்கு ஓடும், அங்க கூட்டமாச் சேரும், பொறகு கலைஞ்சு அந்தக் கடைசிக்கு ஓடும். போயிட்டு வர ஒரு நிமிசங்கூட ஆகறதில்லையாமா. ராவும் பகலும் அதே வேலை. ரெண்டு கடைசியிலயும் அது அதிக நேரம் இருக்குது, நடுவுல சும்மா தாண்டித்தான் போகுது. அதனால நடுவுல மட்டுந்தான் வளையம் போடத் தோது கிடைக்குது."

அவர் கையை நீட்டி, மேசையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு விரலால் இழுத்தார். திரும்ப இழுத்தார். நாலைந்து முறை செய்துபார்த்தார்.

"அப்ப நடு எதுன்னு அதுக்குத் தெரியாதுங்களா?"

"தெரியாதுங்க்கா. எங்க கூடாதுன்னு மட்டுந்தான் தெரியும்."

"ஆரும் சொல்லலை."

"ஆரும் சொல்லலீங்க."

அவர் மெல்லச் சிரித்தார். ஒரு கண்கூட இல்லாத, ஊசி முனையில் ஆயிரக்கணக்கில் உட்காரக்கூடிய ஒன்று, ஓடி ஓடியே தன் நடுவைக் கண்டுபிடிக்கிறது. ஒவ்வொரு முறையும் சரியாக. நாங்கள் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் எங்கள் இருவர் வயிற்றிலும் எத்தனை கோடி முறை நடந்திருக்கும் அது. எனக்குச் சொல்லும்போதே மெய் சிலிர்த்தது. அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும்.

"அது ஓடறதை இதுல பாக்க முடியுங்களா?" என்று மைக்ராஸ்கோப்பைக் காட்டினார்.

"இதுல தெரியாதுங்க்கா. அவங்க அதுக்கு ஒளி குடுத்து, வேற கருவியில பாத்திருக்காங்க. நானும் படத்துலதான் பாத்தேன்."

"நீங்களும் பாக்கலீங்களா," என்றார். எனக்காக வருத்தப்படுவதுபோல இருந்தது அது.

சர்க்கரை ரிப்போர்ட்டை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார். பாதிப் படி இறங்கியவர் நின்று, மேலே நிமிர்ந்து பார்த்தார்.

"ஏனுங்க அம்மிணி, ஒண்ணு ரெண்டாகுதுல்ல, அதுல எது அம்மா, எது புள்ளை?"

இரண்டும் புதிதா, இரண்டும் பழையதா, பழையது எங்கே போனது? நான் படித்த எதிலும் யாரும் இப்படிக் கேட்டிருக்கவில்லை.

"தெரியலீங்க்கா."

"பாத்துச் சொல்லுங்க," என்று சொல்லிவிட்டு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிதானமாக இறங்கினார். கீழே அருள்புரம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டிருந்தது.